லிட்டர் விலையை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிடலாமா?

இணையத்தில் அடிக்கடி சுற்றி வரும் ஒரு பட்டியல் உண்டு. உலக நாடுகளில் பெட்ரோல் விலை என்ன என்று சொல்லும் பட்டியல். உச்சியில் ஹாங்காங், நார்வே மாதிரியான இடங்கள் இருக்கும். அடியில் ஈரான், வெனிசுவேலா, லிபியா. அதைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். "அங்கே தண்ணீர் விலைக்குப் பெட்ரோல் கிடைக்கிறது, நம்மைத்தான் பிழிகிறார்கள்" என்பது ஒரு கட்சி. "ஐரோப்பாவைப் பாருங்கள், நாம் எவ்வளவோ பரவாயில்லை" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே பட்டியல்தான்.

பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ரொம்பச் சின்னது: இன்றைய தேதியில், இன்றைய டாலர் மாற்று விகிதத்தில், பங்க்கில் ஒரு லிட்டருக்கு என்ன கொடுக்கிறார்கள்? அவ்வளவுதான். அந்த நாட்டில் வண்டி வைத்து ஓட்ட என்ன செலவாகும் என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் நாலைந்து கணக்குகள் போட வேண்டும். எதுவும் கடினமான கணக்கு இல்லை, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கச்சா எண்ணெய் ஒன்று, விலை மட்டும் ஏன் பலவிதம்?

முதலில் ஒரு அடிப்படை. கச்சா எண்ணெயை உலகச் சந்தையில் பீப்பாய்க் கணக்கில், டாலரில் விற்கிறார்கள். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர் விற்கும் நாளில் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை 50 சென்ட். தரத்தைப் பொறுத்தும் தூரத்தைப் பொறுத்தும் கொஞ்சம் கூடும் குறையும். ஆனாலும் பணக்கார நாடு, ஏழை நாடு என்று பார்க்காமல் எல்லாரும் ஏறக்குறைய இதே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். சுத்திகரிப்புக்கும், கப்பலுக்கும், டேங்கர் லாரிக்கும் ஆகும் செலவிலும் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்காது.

அப்படியானால் ஒரு நாட்டில் 30 சென்ட்டுக்கும், இன்னொரு நாட்டில் 2 டாலருக்கும் மேலும் விற்பது எப்படி? பெரும்பாலும் வரியால், இல்லாவிட்டால் மானியத்தால். ஆகவே அந்தப் பட்டியலைப் பெட்ரோல் விலைப் பட்டியல் என்பதைவிட, அரசுகள் பெட்ரோலில் எவ்வளவு எடுக்கின்றன, எவ்வளவு போடுகின்றன என்ற பட்டியல் என்றே சொல்லலாம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான எரிபொருள் வரி உண்டு. 57.95 பென்ஸாக (100 பென்ஸ் ஒரு பவுண்டு) இருந்ததை 2022 மார்ச்சில் 52.95 பென்ஸாகக் குறைத்தார்கள். அதன் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட். கவனிக்க வேண்டியது, இந்த வாட் பெட்ரோலின் விலைக்கு மட்டுமல்ல, முதல் வரிக்கும் சேர்த்துத்தான். வரிக்கே வரி! பங்க்கில் லிட்டர் 140 பென்ஸ் என்று இருக்கும் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால், வாட் 23.33 பென்ஸ், நிலையான வரி 52.95 பென்ஸ், இரண்டும் சேர்த்து 76 பென்ஸுக்கு மேல். பாதிக்கும் அதிகமான பணம் அரசுக்கு. கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்து, பங்க் உரிமையாளரின் லாபம் எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள 64 பென்ஸுக்குள் அடக்கம்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். லிட்டராக மாற்றினால் 5 சென்ட் கூட வராது. 1993-க்குப் பிறகு அதை ஏற்றவே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு வரி போடுகிறது. அலாஸ்காவில் அது மிகக் குறைவு, கலிபோர்னியாவில் மிக அதிகம். எனவே 'அமெரிக்காவில் பெட்ரோல் விலை' என்ற ஒற்றை எண்ணே கொஞ்சம் இழுத்துப் பிடித்த சராசரிதான்.

ஜப்பானில் 1974-இல் சாலை போடுவதற்காகத் 'தற்காலிகமாக' லிட்டருக்குக் கூடுதல் வரி போட்டார்கள். அந்தத் தற்காலிகம் அரை நூற்றாண்டு ஓடியது. எந்த நாடாக இருந்தால் என்ன, எரிபொருள் வரியில் தற்காலிகம் என்ற சொல்லை நம்பி யாரும் பட்ஜெட் போட வேண்டாம்.

வரியின் அமைப்பை இவ்வளவு தூரம் இழுத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது எந்த நாட்டுக்காரருக்கு எவ்வளவு உறைக்கும் என்பதை இந்த அமைப்புதான் தீர்மானிக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: வரிக்கு முந்தைய விலை இரண்டு நாட்டிலும் 70 சென்ட். முதல் நாடு 12 சென்ட் வரி போட்டு 82 சென்ட்டுக்கு விற்கிறது. இரண்டாவது நாடு 70 சென்ட் நிலையான வரியும், மொத்தத்தின் மேல் 20 சதவீத வாட்டும் போட்டு 1.68 டாலருக்கு விற்கிறது. இப்போது வரிக்கு முந்தைய விலை 20 சென்ட் ஏறுகிறது. முதல் நாட்டில் 82 சென்ட் 1.02 டாலர் ஆகிவிடும், 24 சதவீத உயர்வு. இரண்டாவது நாட்டில் 1.68 டாலர் 1.92 ஆகும், 14 சதவீத உயர்வு. வரி குறைவாக உள்ள நாட்டில்தான் விலை துள்ளிக் குதிக்கும். வரி அதிகமுள்ள நாட்டில் விலை எப்போதும் உயரம், ஆனால் ஆட்டம் குறைவு. 'அங்கே 24 சதவீதம் ஏறிவிட்டது, இங்கே 14 சதவீதம்தான், எங்கள் அரசு கெட்டிக்கார அரசு' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காசாகப் பார்த்தால் இரண்டாவது நாட்டுக்காரர்தான் 4 சென்ட் கூடுதலாகக் கொடுக்கிறார்.

மலிவு விலையின் மறுபக்கம்

பட்டியலின் அடியில் இருக்கும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 'ஈரானில் லிட்டர் என்ன விலை?' என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் அங்கே விலையை ஏற்றினார்கள். தனியார் காருக்கு மாதம் 60 லிட்டர் வரை லிட்டர் 15,000 ரியால், அதற்கு மேல் போனால் 30,000 ரியால் என்று வைத்தார்கள். சரி, 15,000 ரியால் என்றால் எத்தனை டாலர்? அரசின் அதிகாரபூர்வ விகிதம் அப்போது டாலருக்கு 42,000 ரியால். அதன்படி 36 சென்ட். ஆனால் வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு ஒரு லட்சம் ரியாலுக்கும் மேல் கொடுத்தார்கள். அந்த விகிதத்தில் 15 சென்ட்டுக்கும் கீழே. ஒரே பங்க், ஒரே பெட்ரோல், ஒரே நாள். ஆனால் எந்த விகிதத்தை எடுக்கிறோம், எத்தனையாவது லிட்டரை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை நாலு மடங்குக்கும் மேல் மாறுகிறது.

மானியம் போடும் நாட்டில் அந்தப் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. வெளியே நல்ல விலைக்கு விற்கக்கூடிய எண்ணெயை உள்ளே மலிவாகக் கொடுக்கிறார்கள். அந்த வித்தியாசம் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருக்க வேண்டிய பணமாக இருக்கலாம். எல்லைக்கு அப்பால் விலை அதிகம் என்றால் கடத்தலும் தானாக வந்துவிடும். நைஜீரியாவில் மலிவாக விற்ற பெட்ரோல் பல ஆண்டுகளாக அண்டை நாடான பெனினுக்குப் போய், சாலையோரம் பாட்டில்களில் விற்பனையானது. 2023 மே 29 அன்று நைஜீரியாவின் புதிய அதிபர் பதவியேற்பு உரையிலேயே மானியம் முடிந்தது என்று அறிவித்தார். 200 நைராவுக்கும் கீழே இருந்த லிட்டர் விலை சில நாட்களில் 500 நைராவைச் சுற்றி வந்துவிட்டது. மானிய நாட்டின் விலையை நம்பிப் போட்ட ஒப்பீடு ஒரே உரையில் காலாவதியாகும்.

இன்னொன்று: விலைப் பலகையில் விலை இருப்பது வேறு, பங்க்கில் சரக்கு இருப்பது வேறு. 2022-இல் இலங்கையில் வாகனத்துக்கு வாரம் இத்தனை லிட்டர்தான் என்று கியூ.ஆர். குறியீட்டு முறை கொண்டுவந்தார்கள். அந்த மாதங்களில் அங்கே இருந்தவர்களுக்கு லிட்டர் விலையை விட முக்கியமாக இருந்தது வாரக் கணக்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதுதான். வரிசையில் நின்ற மணி நேரங்களுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

அளவுகளில் ஒளிந்திருக்கும் பள்ளங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் தவறாமல் கடக்க வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பெயர் ஒன்று, அளவு வேறு. பிரிட்டனில் இப்போது லிட்டரில்தான் பெட்ரோல் போடுகிறார்கள், ஆனால் மைலேஜ் பேசும்போது இன்னமும் கேலனுக்கு இத்தனை மைல் என்றுதான் பேசுகிறார்கள். ஆகவே அமெரிக்கர் '30 மைல் கொடுக்கிறது' என்று சொல்லும் காரும், பிரிட்டிஷ்காரர் '36 மைல் கொடுக்கிறது' என்று சொல்லும் காரும் ஒரே அளவுதான் குடிக்கின்றன. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற ஐரோப்பிய வழக்கத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வது நல்லது. அந்த அமெரிக்கர் சொன்ன 30 மைல், 100 கிலோமீட்டருக்கு 7.8 லிட்டர்.

பெட்ரோலின் தரத்தைக் காட்டும் ஆக்டேன் எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்க பங்க்கில் 87 என்று எழுதியிருக்கும் பெட்ரோல், பிற நாடுகளின் கணக்கு முறையில் 91-ஐ ஒட்டி வரும். எனவே அமெரிக்காவின் 87 விலையையும் ஐரோப்பாவின் 95 விலையையும் பக்கத்தில் வைத்தால் ஒரே சரக்கை ஒப்பிட்டதாகாது. அப்புறம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதை விடக் குறைவு. இரண்டையும் ஏற்கும் கார்கள் நிறைந்த பிரேசிலில் ஓட்டுநர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடு, மேலே போனால் பெட்ரோல் போடு. லிட்டர் விலையை விட லிட்டர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டும் என்பதுதான் முக்கியம் என்பதை பங்க் வாசலிலேயே நின்று கணக்குப் போடுகிறார்கள்.

கிலோமீட்டருக்கு என்ன, ஆண்டுக்கு என்ன

இங்கேதான் ஒப்பீடு உண்மையில் சூடு பிடிக்கிறது. பெட்ரோல் 90 சென்ட் விற்கும் ஒரு நாட்டில் மக்கள் பெரிய பெரிய பிக்-அப் வண்டிகளில் போகிறார்கள், 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 10.80 டாலர். 1.80 டாலர் விற்கும் இன்னொரு நாட்டில் சின்ன கார், 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர். செலவு அதே 10.80 டாலர். லிட்டர் விலை இரு மடங்கு, தூரத்துக்கு ஆகும் செலவு சமம்.

எண்களைச் சமமாக வரும்படி நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்றாலும் போக்கு உண்மையானது. எரிபொருள் பல பத்தாண்டுகளாக விலை அதிகமாக இருக்கும் நாட்டில் மக்கள் சின்ன வண்டி வாங்குவார்கள், வேலைக்குப் பக்கத்தில் குடியிருப்பார்கள், ரயிலும் பஸ்ஸும் ஓடும். மலிவாக இருக்கும் நாட்டில் வண்டியும் பெருக்கும், ஊரும் பரவும். அமெரிக்காவில் ஒரு ஓட்டுநர் ஆண்டுக்கு சராசரியாக 13,500 மைல் அளவில் ஓட்டுகிறார். பிரிட்டனில் ஒரு கார் ஆண்டுக்கு ஓடுவது சுமார் 7,000 மைல். மேலே சொன்ன 10.80 டாலரையே எடுத்துக்கொண்டு ஒருவர் 21,000 கிலோமீட்டரும் இன்னொருவர் 11,000 கிலோமீட்டரும் ஓட்டினால், முதலாமவருக்கு ஆண்டுக்கு 2,268 டாலர், இரண்டாமவருக்கு 1,188 டாலர். பெட்ரோல் மலிவான நாட்டுக்காரர்தான் பெட்ரோலுக்கு அதிகம் செலவு செய்கிறார்!

கம்பெனி சொல்லும் மைலேஜை நம்பி இந்தக் கணக்கைப் போட வேண்டாம். சோதனை முறை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய சோதனை முறைக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய முறை காட்டிய எண்கள் சாலையில் கிடைப்பதை விட ரொம்பத் தாராளமானவை. ஒரே காரின் மைலேஜ் எண், சோதித்த நாட்டைப் பொறுத்து மாறும்.

சம்பளத்தில் எத்தனை நிமிடம்?

ஒரு நாட்டில் வாழ்கிறவருக்கு டாலர் விலை முக்கியமில்லை. தன் சம்பளத்தில் அது எவ்வளவு என்பதே முக்கியம். லிட்டர் விலையை ஒரு மணி நேர ஊதியத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 30 டாலர் சம்பாதிப்பவருக்கு 2 டாலர் பெட்ரோல் என்பது 4 நிமிட உழைப்பு. மணிக்கு 2 டாலர் சம்பாதிப்பவருக்கு 1 டாலர் பெட்ரோல் என்பது அரை மணி நேர உழைப்பு. பட்டியலில் பாதி விலை, வாழ்க்கையில் ஏழரை மடங்கு பாரம். நார்வேயில் பெட்ரோல் கொள்ளை விலை என்று வருத்தப்படுவதற்கு முன்னால் நார்வேக்காரரின் சம்பளச் சீட்டையும் எட்டிப் பார்ப்பது நல்லது.

பெட்ரோலை மிஞ்சும் செலவுகள்

வண்டி வைத்திருப்பதற்கான செலவில் எரிபொருள் ஒரு பகுதிதான். வாங்கும் விலை, பதிவு வரி, கடன் வட்டி, இன்சூரன்ஸ், பார்க்கிங், டோல், சர்வீஸ், தகுதிச் சோதனை, விற்கும்போது தெரியும் தேய்மானம் என்று வால் நீளும். இதில் சிங்கப்பூர் தனி ரகம். அங்கே கார் வாங்க முதலில் உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1990-இல் வந்த முறை, சி.ஓ.இ. என்பார்கள். ஏலத்தில்தான் எடுக்க வேண்டும், 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 சிங்கப்பூர் டாலருக்குப் போனது. இது காரின் விலை அல்ல, கார் வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை.

அதை 10 ஆண்டுக்கு நாள் கணக்கில் பிரித்தால் 29 சிங்கப்பூர் டாலர். வண்டியை வெளியே எடுக்காமல் நிறுத்தியே வைத்திருந்தாலும் தினம் 29 டாலர். அதே ஆள் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் ஆகி, லிட்டர் 2.80 டாலர் என்று வைத்தால், பெட்ரோலுக்கு நாளுக்கு 8 டாலர்தான். அந்த ஆளிடம் போய்ப் பெட்ரோல் விலையைப் பற்றி மட்டும் அனுதாபப்பட்டால் சிரிப்பார். ஆனாலும் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் ஆசை யாரை விட்டது? பாலம் தாண்டினால் மலேசியா, அங்கே பெட்ரோல் பெரிய அளவில் மலிவு. அதனால் சிங்கப்பூர் ஒரு விதி வைத்திருக்கிறது: சிங்கப்பூர்ப் பதிவு வண்டி எல்லையைக் கடக்கும்போது டேங்க்கில் முக்கால்வாசியாவது எரிபொருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 500 டாலர் வரை அபராதம். மலேசியாவோ தன் பங்குக்கு, மானிய விலையில் விற்கும் ஆக்டேன் 95 ரகத்தை வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்குப் போடக்கூடாது என்று தடுக்கிறது. மானிய விலைப் பெட்ரோல் யாருக்குக் கிடைக்கும் என்பதும் விலையின் ஒரு பகுதிதான்.

டென்மார்க்கில் புதிய காரின் பதிவு வரி, விலையின் மேல் அடுக்குக்கு 150 சதவீதம் வரை போகும். ஜப்பானில் வண்டியைப் பதிவு செய்யும் முன் நிறுத்த இடம் இருக்கிறது என்று பெரும்பாலான ஊர்களில் சான்று காட்ட வேண்டும். முதல் 3 ஆண்டுக்குப் பிறகு, 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கும் போக வேண்டும். விரைவுச் சாலைக்கு ஏறினால் சாதாரணக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24.6 யென் என்பது அடிப்படைக் கட்டணம். லிட்டர் 170 யென், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 11 யென்தான். சாலையில் போவதற்குக் கொடுப்பது, எரிப்பதற்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு.

மின்சாரக் கார் வந்தபிறகு லிட்டர் விலைப் பட்டியலின் மதிப்பு இன்னும் குறைந்துவிட்டது. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் 10-க்குக் கிட்டத்தட்ட 9 முழு மின்சாரக் கார்கள். பெட்ரோல் விலையில் பட்டியலின் உச்சியில் இருக்கும் நாட்டில் புதுக் கார் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெட்ரோலே போடுவதில்லை. ஆனால் மின்சாரத்திலும் ஒரே விலை இல்லை. 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் ஆகும் காரை, யூனிட் 15 சென்ட்டுக்கு வீட்டில் சார்ஜ் செய்தால் 2.70 டாலர். அதே காரை நெடுஞ்சாலையில் யூனிட் 60 சென்ட் வாங்கும் அதிவேக சார்ஜரில் போட்டால் 10.80 டாலர். பெட்ரோல் கார் கணக்கில் வந்த அதே தொகை. ஆகவே 'அந்த நாட்டில் மின்சாரக் கார் மலிவா?' என்று கேட்டால், வீட்டில் பிளக் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கேட்பவர் யார்?

எந்த அளவுகோலைப் பிடிப்பது என்பது நீங்கள் ஏன் ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நாட்டுக்குக் குடிபெயரப் போகிறவர் என்றால் அங்கே கிடைக்கப்போகும் சம்பளம், வண்டி வாங்கும் வரி, இன்சூரன்ஸ், வேலைக்குப் போகும் தூரம் இவற்றை முதலில் பாருங்கள். லிட்டர் விலை கடைசியில் வரட்டும். அரசியல் விவாதத்துக்காக என்றால் வரிக்கு முந்தைய விலையையும் வரியையும் தனித்தனியாக வைத்துப் பேசுங்கள். இரண்டு நாட்டு எண்களும் ஒரே வாரத்தவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா போய் வாடகைக் கார் எடுக்கிறவருக்கு மட்டும் டாலர் விலைப் பட்டியல் நேரடியாகப் பயன்படும். அவர் செலவு செய்வது சொந்த நாட்டுச் சம்பளத்தை, அந்த நாட்டுச் சம்பளத்தை அல்ல. அவரும் சாலைக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலையில் போக ஸ்டிக்கர் வாங்க வேண்டும், 10 நாளைக்கு என்று குறுகிய காலத்துக்கும் கொடுப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் சுவிட்சர்லாந்தில் குறுகிய கால ஸ்டிக்கர் கிடையாது. ஆண்டு முழுக்க ஓட்டுபவரும், ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்கு ஒரு பிற்பகலில் குறுக்கே போகிறவரும் கொடுப்பது அதே 40 பிராங்க். லிட்டர் 2 பிராங்க் என்று கூட்டியே வைத்தாலும் அது 20 லிட்டர் பெட்ரோல். அந்தக் குறுக்குப் பயணத்துக்கே ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும்.